தேடும் பெட்டியில் ஒரு மனு

நேற்று சாப்பிடும்போது என் மகள் என் செல்போனை எடுத்து, நான் நெட்டில் தேடியதை வீட்டில் எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்டினாள். "வணக்கம். என் வயது ஐம்பத்திரண்டு. வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறேன். மூன்று நாட்களாக இடது தோள் வலிக்கிறது. கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் ஒடிக்கும்போது ஜாஸ்தி. வேர்க்கவில்லை. இது என்னவாக இருக்கும்? இப்படிக்கு."

பெயரைப் போடாமல் விட்டிருந்தேன். அந்த அளவுக்காவது புத்தி இருந்திருக்கிறது. என் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "யப்பா, நெட்டுல எவனாச்சும் இப்படிக்கு போடுவானா?" என்றாள் மகள்.

நீ இருந்திருந்தால் அவளோடு சேர்ந்து சிரித்திருப்பாய் பாய். என் தேடலுக்கு மனு என்று பெயர் வைத்தவனே நீதான்.

கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்தில், உன் ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் மகளின் உதவித்தொகைக்காக முதன்முதலாக நான் தேடியது நினைவிருக்கிறதா? "மதிப்பிற்குரிய ஐயா, என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு தேறியுள்ளாள், எங்களுக்கு நிலம் கிடையாது" என்று ஒரு விரலால் கால் மணி நேரம் தட்டினேன். பின்னால் நாலு பேர் ஜெராக்ஸுக்குக் காத்திருந்தார்கள். நீ எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாய்.

"யோவ், உள்ள இன்னா தாசில்தாரா குந்திக்கினு இருக்காரு? கதைய வுடு. பதில் எழுதி வெச்சிருக்கறவன் இன்னா வார்த்தை போட்டிருப்பானோ, அத மட்டும் போடு."

என் மனு முழுவதையும் அழித்துவிட்டு, நாலே வார்த்தையும் அந்த வருடத்தையும் போட்டாய். விண்ணப்பம் வந்து நின்றது. நான் முதல் வரியை அமுக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாய். "விளம்பரம்னு போட்டிருக்கான் பாரு. காசு குட்த்து முன்னால வந்து நிக்கறவன் அவன். கீழ போ."

அந்த உதவித்தொகையில்தான் மகள் படித்தாள். உன்னை நான் எப்படி நம்பாமல் இருப்பேன்?

அதனால்தான் இத்தனை எரிச்சல். உன் கடைசி நாளன்று முற்பகல் ஜீப்பை உன் கடை வாசலில் நிறுத்திவிட்டு ஆள் சேரக் காத்திருந்தேன். ஃபேன் முழு வேகத்தில் ஓடியும் உன் சட்டை நனைந்திருந்தது. இடது தோளைத் தேய்த்துக்கொண்டே செல்போனை என்னிடம் நீட்டினாய். "பாரு, வாயுதான். பத்து பேரு எழுதியிருக்கான். ஓமத் தண்ணி குடிச்சா சரியாப் பூடும்."

நீ தேடியதைப் பார்த்தேன். 'வாயுப் பிடிப்பு நீங்க' என்று இருந்தது. வாயு என்று நீயே போட்டுக் கொடுத்தால் அது வாயுவைத்தானே தரும்? பதில் நமக்குத் தெரிந்திருக்கும்போது பலிக்கிற வித்தையை, தெரியாத இடத்திலும் போட்டுவிட்டாய். ஊருக்கே தேடிக் கொடுத்த மனுஷனய்யா நீ! வேர்வையைப் பற்றி ஒரு வார்த்தை போடவில்லையே. மனுவாக எழுதியிருந்தால் அதுவும் உள்ளே வந்திருக்கும்.

"வேர்க்குதுன்னும் போட்டுப் பாரேன் பாய்" என்றேன்.

"ஆரம்பிச்சிட்டான்யா மனு! போ, ஓமத் தண்ணி வாங்கியா."

வாங்கிவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, ஏப்பம் வந்ததைச் சாட்சிக்கு வைத்துச் சிரித்தாய். ஜீப்பில் ஆள் நிறைந்துவிட்டது. பின் சீட்டிலிருந்த ஒருவர், "டிரைவரே, இன்னிக்குள்ள மலை ஏறுவமா?" என்று கத்தினார். நான் கிளம்பிவிட்டேன். வெள்ளிமலையில் வண்டியை நிறுத்தியபோது உன் மகனிடமிருந்து போன் வந்தது.

இன்று காலை கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டேன். தசைப்பிடிப்பாம், தைலம் தேய்த்தால் போதுமாம். "இதத்தான நெட்டும் சொல்லிச்சி? அதுக்கு ஒரு நாள் வண்டிய நிறுத்தணுமா?" என்கிறாள் மகள்.

விண்ணப்பம், பஸ் நேரம், டயர் விலை எல்லாவற்றுக்கும் இன்றும் உன் நாலு வார்த்தைதான். விளம்பரத்தைத் தொடுவதில்லை. உடம்பென்றால் மட்டும் மனு எழுதுகிறேன். நோய்க்கு நானாக ஒரு பெயரும் வைப்பதில்லை. எழுதி முடித்துவிட்டு, என்ன பதில் வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறேன்.

அன்று உன் எதிரில் நின்றபோது எனக்குள் ஒரு வரி வந்தது. மனு இல்லை, சின்ன வரிதான். மறுபடி சிரிப்பாயே என்று விழுங்கிவிட்டேன். ஜீப் உன் வாசலிலேயே நின்றது, சாவி என் கையில் இருந்தது.

"வண்டியில ஏறு பாய், ஆஸ்பத்திரிக்குப் போலாம்."