கீழ்ப்படியில் இருந்த ஏழு பெயர்கள்

இன்று காலை பரமக்குடி மளிகைக் கடையில் மைதா மூட்டையைப் பிரித்தார்கள். அந்த வாசனையில் உன் ஞாபகம் வந்தது. துக்கம் என்று ஒன்றும் இல்லை. சாமான்களை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். நீ போய் எட்டு மாதமாகிறது. எனக்கு இன்னும் இப்படித்தான் இருக்கிறது.

தேய்ந்த கல்லில் மைதாவைத் தடவினால் எழுத்து தெளியும் என்று எங்கோ கேட்டு வந்தவன் நீ. வயர்மேன் வேலையில் ஊர் ஊராகப் போகிறவன். எந்தப் பாலத்தில், எந்தக் கிணற்றில் பெயர் பொறித்த கல் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வாய். ஞாயிற்றுக்கிழமை இருவரும் உன் பைக்கில் போய்ப் படிப்போம். ஐம்பது வயதில் நமக்கு அப்படியொரு கிறுக்கு. திருப்பாலைக்குடியில் ஒரு வீட்டுக் கொல்லையில் பழைய பள்ளிக்கூடத்தின் திறப்புவிழாக் கல் துணி துவைக்கும் கல்லாகக் கிடந்தது. அந்த வீட்டு அம்மா நுரையைக் கழுவிவிட்டு, "வெரசாப் படிங்க, இன்னும் ரெண்டு சேலை கெடக்கு" என்றார். தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், திறந்துவைத்தவர் என்று எல்லாவற்றையும் நீ சத்தமாகப் படித்துக் காட்டினாய்.

"கொத்தனாரு பேரு எங்கன இருக்கு?" என்று அவர் கேட்டார். நீ குனிந்து கல்லின் ஓரங்களையும் தடவிப் பார்த்தாய்.

நம் ஊருணிக் கரையில் என் தாத்தாவின் பெயரோடு ஒரு கல் நின்றது. 'வெட்டுவித்தவர்' என்று எழுதியிருக்கும். சிறு வயதிலிருந்து பார்த்த கல். போன வருஷக் கோடையில் ஊருணி வற்றித் தூர்வாரியபோது, சேற்றுக்குள்ளிருந்து கடைசிப் படி வெளியே வந்தது. அதில் உளியால் கீறிய கோணல் எழுத்துகள். ஏழு பெயர்கள். மூன்றாவது உன் தாத்தாவுடையது. உன் விரல் அதன் மேலேயே நின்றது.

"வெட்டுனவுக இவுகதான்டா. படிக்கு மேல சிமெண்டு போடப் போறாக, இது போயிரும். கரையில புதுசா வைக்கப்போற கல்லுல இந்த ஏழு பேரையும் போடணும்னு ஊர்க் கூட்டத்துல நீ சொல்லு. நான் சொன்னா எடுபடாது. உங்க வீட்டு ஆளு சொன்னாக் கேப்பாக."

"பேசுறேன்" என்றேன்.

கூட்டத்தில் என் பெரியப்பா மகன் எழுந்து, பழைய கல்லில் இருப்பதை அப்படியே கிரானைட்டில் போட்டுவிடலாம் என்றார். வேறு யாரும் ஏதாவது சொல்கிறீர்களா என்று கேட்டார்கள். நீ பின்னால் வேப்பமரத்தடியில் நின்று என்னையே பார்த்தாய். நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்தக்காரர்களோடு எதற்கு வம்பு என்று நினைத்தேனா, வேறு ஏதாவதா, இன்றுவரை எனக்கே தெரியவில்லை. நான்கு நாளில் படிகளின் மேல் கான்கிரீட் ஏறிவிட்டது.

நீ சண்டை போடவில்லை. அடுத்த ஞாயிறு வாசலில் காத்திருந்தேன், நீ வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. கடைத்தெருவில் பார்த்தால் "சாப்ட்டியா?" என்பாய், அவ்வளவுதான். ஐப்பசியில் உனக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. உன் வீட்டு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். யாரோ காபி கொடுத்தார்கள். குடித்தேன்.

போன வாரம் திருவாடானையிலிருந்து உன் மகள் வந்திருந்தாள். உன் போனில் அந்தப் படியைப் படம் எடுத்திருக்கிறாய். மங்கலாக இருக்கிறது, பெயர்கள் தெரியவில்லை என்றாள். எனக்கு ஏழும் மனப்பாடம். சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள்.

"அந்தப் படி போனதுல அய்யாவுக்கு ரொம்ப வெசனம் மாமா. ஒங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல. நீங்க பேசியிருப்பீக."

என்னிடம் கேட்டதை நீ அவளிடம்கூடச் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"சொன்னான்மா. நான்தான் பேசல."

அவள் பேனாவை மூடினாள். தாளை மடித்தாள். பிறகு "வாரேன் மாமா" என்று எழுந்து போனாள்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஐந்து மாதம் உயிரோடு இருந்தாய். ஒருவரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நீ விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.