முகம் தெரியும் தொலைபேசி

ஈஸ்ட் ஹாம், லண்டன்,
மார்ச் 2005

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி இப்போது குறைந்திருக்கும் என நம்புகிறேன். இங்கே எனக்கு வெற்றி: தற்காலிக வேலை நிரந்தரமாகிவிட்டது.

முகம் பார்த்துப் பேசும் எங்கள் கம்பனிக் கைத்தொலைபேசியைச் சனங்கள் ஏன் வாங்குவதில்லை என்று கண்டுபிடிக்காதவர்களுக்கு வேலை இல்லை என மனேஜர் சொல்லியிருந்தார். நிபுணர்கள் விலையைக் குறை சொன்னார்கள். நான் பலசரக்குக் கடைக் குமுதா அக்காவைக் கேட்டேன்.

"தம்பி, லண்டனின்ர மற்றப் பக்கம், சட்டனில இருக்கிற அம்மாவுக்கு போனில நான் சாப்பிட்டிட்டன், சந்தோசமா இருக்கிறன் எண்டுதான் சொல்லுறனான். முகத்தைப் பாத்தா அவ நம்புவாவே?"

அதையே ஆங்கிலத்தில் அறிக்கையாக எழுதிக் கொடுத்தேன். மனேஜர் எழுந்து நின்று கைதட்டினார். உங்களுக்கும் ஒரு தொலைபேசி அனுப்புவதாகச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் அது வேலை செய்யாது என்று மகிழ்ச்சியோடு சொல்லிவிட்டேன்.

யாராவது இங்கே வந்தால் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள். பஸ் வருகிறது. நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

மகன்,
பவித்திரன்