காரணம் என்ற கட்டம்

08.02.1982, திங்கள்
போன மாதம் கை முறிந்து வந்தவர்கள் பதினொரு பேர். நோயாளியின் குறிப்புத் தாளான வார்ட் டிக்கட் பதினொன்றிலும் டாக்டர் எழுதியது ஒன்றுதான்: "கை முறிவு." வலதா, இடதா? எந்த எலும்பு? எப்படி முறிந்தது? நோய்க்கு இலக்கம் போடும் புத்தகத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம் இருக்கிறது. ஆஸ்பத்திரிப் பதிவு எழுதும் நான் எல்லாருக்கும் "விபரமில்லை" இலக்கத்தைப் போட்டேன். டாக்டர் நல்லரெத்தினத்திடம் சண்டைக்கே போனேன்.
"கை எண்டுதானே எழுதினன், கால் எண்டா எழுதினன்?"
கொழும்புக்கு இப்படித்தான் புள்ளிவிபரம் போகிறது.

12.02.1982, வெள்ளி
சண்டைக்குப் பலன். இன்று இரண்டு டிக்கட்டில் எலும்பின் பெயர் இருக்கிறது. மீராசா, வயது 31: வலது கை, சுண்டுவிரலுக்குக் கீழுள்ள எலும்பு. முட்டியை மூடிக் குத்துகிறவர்களுக்கு முறிகிற எலும்பு என்று டாக்டரின் புத்தகம் சொல்கிறது. ஸாலிஹா, வயது 22: இடது கை, மோதிர விரல்.
ஸாலிஹா என் தங்கச்சி; நான் அவளுக்குக் காக்கா. மீராசா அவளுடைய மாப்பிள்ளை.
இரண்டிலும் "காரணம்" என்ற கட்டம் காலி. காயப்பட்டவரிடம் கேட்டு அதை நிரப்புவது என் வேலை.

அதே நாள், பின்னேரம்
உம்மா ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். "விழுந்த எண்டு போடு மகன். ஊருல தலை காட்டேலாது."
ஸாலிஹாவிடம் கேட்கவில்லை. இரண்டிலும் "விழுந்தது" என்று எழுதினேன். ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் விழுந்திருக்கிறார்கள். அந்த வீட்டில் இருப்பது ஒரு படி.

13.02.1982
என் கையெழுத்து அழகு என்றார் டாக்டர்.

07.03.1982, ஞாயிறு
ஸாலிஹா மணவிலக்குக் கேட்டு, எங்கள் மண வழக்குகளைத் தீர்க்கும் காதியாரிடம் போயிருக்கிறாள். இன்று விசாரணை. எனக்குக் காலைதான் சொன்னாள். கூடப் போனேன்.
காதியார் டிக்கட் பிரதியை வாசித்தார். "இதுல விழுந்த எண்டு கிடக்கே, புள்ள?"
"ஓம், படியில," என்றான் மீராசா.
ஸாலிஹா என் பக்கம் திரும்பினாள். "இது ஆர்ட எழுத்து, காக்கா?"
நான் ஏன் வாயத் திறக்கல்ல? ஊரையெல்லாம் ஏசுற வாய்தானே இது —

08.03.1982, திங்கள்
டாக்டரிடம் எழுதிக் கொடுத்தேன்: காரணத்தை நோயாளியிடம் கேட்காமல் நானே எழுதினேன்.
"வேலை போனாலும் போகும், தெரியுமா?"
"ஓம், சேர்."
ஸாலிஹாவை வரவழைத்துக் கேட்டார். என் வரியைச் சிவப்பு மையால் வெட்டி, மேலே எழுதினார்: "கணவர் குத்தியபோது முகத்தை மறைத்ததில் விரல் முறிந்ததாக நோயாளி கூறுகிறார்." தேதி, ஒப்பம். நான் இலக்கத்தை மாற்றினேன்.

25.04.1982, ஞாயிறு
முதலில் எழுதியது பொய், எழுதியவன் நான் என்று காதியார் முன்னால் சொன்னேன். மணவிலக்குக் கிடைத்தது. எனக்குத் தண்டனையாகத் திருக்கோவில் ஊர் ஆஸ்பத்திரிக்கு இடமாற்றம்.
வீடு ஸாலிஹாவின் பெயரில். பின்னேரம் மீராசா தன் பெட்டியை எடுக்க வந்தான். தனியே தூக்க முடியவில்லை. மறுபக்கத்தை நான் பிடித்தேன்.
"காட்டிக் குடுத்திட்டாய், மச்சான்."
"ஓம். கொஞ்சம் உயத்திப் பிடி."
அக்கரைப்பற்று பஸ் வரும்வரை இருவரும் அந்தப் பெட்டியிலேயே உட்கார்ந்திருந்தோம். உம்மா அவனுக்குச் சோறு கட்டிக் கொடுத்திருந்தார். என்னோடுதான் அவர் இன்னும் கதைப்பதில்லை.