இடது கண்ணில் மழைக்காலம்

கொல்சானி, அக்டோபர்

என் கண்ணே நெய்சா, இங்கே நான், உன் அப்பா, கொட்டிலில் நான்கு லாமாக்கள் எல்லோரும் இருக்கிறோம், அங்கே வலென்சியாவில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி அபிகாயிலும் சுகமாக இருந்தால் அதுவே எனக்குச் சோறு. உன் பார்சல் வந்தது. நீ அனுப்பிய கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். கண் களிம்புக் குழாய்களும் வந்தன, அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும், பதறாமல் படி.

என் இடது கண்ணில் அக்கி மறுபடி வந்துவிட்டது. மணல் விழுந்தாற்போல உறுத்தல், வெளிச்சம் பட்டால் நீர். எப்போதும்போல நீ அனுப்பும் களிம்பைப் போட்டேன், இந்தத் தடவை கேட்கவில்லை. கண்ணாடியில் ஆவி படிந்தாற்போலக் கண் மங்கிவிட்டது. வலது கண்ணை மூடினால், மழைக்காலத்தில் ஆகுமே அதுபோல, உப்பு வெளி முழுக்கத் தண்ணீர் நிற்கிறது, வானம் தரையில் கிடக்கிறது, உன் அப்பாவின் லாரி மேகத்தின்மேல் போகிறது. பயமாக இருந்தது, பொய் சொல்வானேன், அழகாகவும் இருந்தது. ஊருக்கெல்லாம் டிசம்பர்லதான் மழை, உனக்கு மட்டும் இப்பவே மழைக்காலம்டி, குடுத்து வச்சவ என்று உன் அப்பா கேலி செய்தார், ஆனால் அன்றைக்கே உப்பை இறக்கிப் போட்டுவிட்டு என்னை லாரியில் ஏற்றிக்கொண்டு போத்தோசி நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்.

அங்கே டாக்டர் சின்னப் பெண், கண்ணிலிருந்து துளி சுரண்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். முடிவு வந்ததும், அம்மா, இந்தக் கிருமி நரம்புக்குள்ள படுத்துத் தூங்கும், உப்பு வெயில் பட்டா முழிச்சுக்கும், இத்தனை வருஷம் ஒரே மருந்தப் பாத்துப் பாத்து இப்ப அதுக்கு மசிய மாட்டேங்குது என்றாள். உன் களிம்புக் குழாயில் படித்த பெயரை வைத்து, அசைக்ளோவிர்தானே என்றேன், அசந்துபோனாள். ஐந்தாவது வரை படித்தவள் என்றால் சும்மாவா! உன் அப்பா மட்டும், கிருமியும் இவள மாதிரியே, சொன்னா கேக்காது என்றார்.

நீ மனசை உடைத்துக்கொள்ளாதே. உன் மருந்துதான் இத்தனை நாள் இந்தக் கண்ணைக் காத்தது. இனி அனுப்பாதே, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு எர்லிண்டா, மிச்சக் களிம்ப எனக்காச்சும் குடேன், கண்ணு செவந்தா போட்டுக்கறேன் என்றாள். டாக்டரிடம் காட்டாமல் போடக் கூடாது என்று மறுத்துவிட்டேன், முகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறாள். இப்போது வேறு சொட்டு மருந்து, ஆஸ்பத்திரியிலேயே கலந்து, குளிர்ப்பெட்டியில் வைத்துப் பஸ்ஸில் அனுப்புகிறார்கள். எரிகிறது. உன் அப்பாதான் விடுகிறார், பாதி மூக்கில் விழுகிறது. இதற்கும் கேட்காவிட்டால் தழும்பு நின்றுவிடும், அப்புறம் பார்வை திரும்புவது கஷ்டம் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னாள்.

தினமும் காலையில் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு வாசலில் நிற்கிறேன். எங்கும் தண்ணீர். நேற்று அந்தத் தண்ணீருக்கு அடியில் கோடுகள் தெரிந்தன. காய்ந்த உப்பின் வெடிப்புக் கோடுகள், சின்ன வயதில் நீ ஒற்றைக் காலில் தாவித் தாவி விளையாடுவாயே, அந்தக் கட்டங்கள். மங்கல்தான், ஆனால் தெரிந்தன. உன் அப்பாவிடம் சொன்னேன். கேலி செய்யவில்லை, திரும்பிக்கொண்டு லாரிக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

எனக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி வேண்டும், டாக்டர் உத்தரவு. எர்லிண்டா பார்த்துப் பொறாமைப்படுகிற மாதிரி வாங்கு.

பூமித்தாய் பச்சமாமாவும் கன்னி மாதாவும் உங்கள் மூவரையும் கையிலேயே வைத்துக்கொள்ளட்டும், அபிகாயிலின் உச்சியில் என் முத்தம். ஒன்றை மட்டும் மறக்காதே, அந்தக் கண்ணாடியை நீயே கொண்டு வா, மழைக்கு முன்னால் வா. மழை வந்துவிட்டால் இரண்டு கண்ணுக்கும் தண்ணீர்தான் தெரியும், ஆறியதா இல்லையா என்று எனக்கே தெரியாது. காய்ந்த உப்பின்மேல் நீ நடந்து வருவதை நான் இடது கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும்.

வாசலில் நிற்கும் உன் அம்மா,
செனோபியா