தட்டில் கால் பங்கு

மார்ச் 4, செவ்வாய்

பக்கத்து வீட்டு அலமாரிக்குக் கதவு பொருத்திவிட்டு வந்தேன். கதவு கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தோடு வீட்டுக்குள் நுழைந்தால், என் வீட்டு டிரைவரம்மா யூனிஃபார்மோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

டெப்போவில் வருடாந்திர மருத்துவப் பரிசோதனையாம். சர்க்கரை இருக்கிறதாம். மூன்று மாதச் சராசரி ஒன்பதரை. ஜூனில் மறுபடி பார்ப்பார்கள். எட்டுக்குக் கீழே வராவிட்டால் ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி டிக்கெட் கவுண்டரில் உட்கார வைத்துவிடுவார்கள்.

"கண்ணாடிக்குப் பின்னாடி உக்காரவா நான் லைசென்ஸ் எடுத்தேன்?" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

பதினொரு வருடமாக பஸ் ஓட்டுகிறவள். நடுவில் மடிந்து திரும்பும் அந்த நீள பஸ்ஸைப் பின்பக்கமாக எடுக்கத் தெரிந்தவர்கள் டெப்போவில் மூன்றே பேர், அதில் என் மனைவி ஒருத்தி. இதை நான் கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிகிறேன். என் தச்சுப் பட்டறை வீட்டோடு இருப்பதால் கல்யாணமான நாளிலிருந்து சமையல் என் கையில்தான். அப்படியென்றால் அந்த ஒன்பதரையில் என் பங்கு எவ்வளவு?

மார்ச் 6, வியாழன்

டாக்டரம்மா மாத்திரை எழுதினார். சாப்பாட்டுக்கு ஒரே ஒரு கணக்குச் சொன்னார். தட்டில் பாதி காய், கால் பங்கு மீனோ முட்டையோ பருப்போ, மிச்சம் இருக்கும் கால் பங்கில்தான் சோறு, கிழங்கு, ரொட்டி எல்லாம்.

"அளவெடுக்கறதுதானே டாக்டர், என் பொழப்பே அதுதான்" என்று மார்தட்டிவிட்டு வந்தேன். வந்ததும் மூலைமட்டத்தை வைத்து அவள் பீங்கான் தட்டில் பென்சிலால் கோடு போட்டேன்.

"தட்டையும் விட்டு வைக்கலையா நீங்க!" என்றாள். சிரித்தாள். இரண்டு நாளில் முதல் சிரிப்பு.

மார்ச் 23, ஞாயிறு

இரண்டு வாரத்துக்கு மேலாகக் கோடு தாண்டாமல் பரிமாறுகிறேன். காலையில் விரலில் குத்திப் பார்க்கும் சர்க்கரை அளவு அசையவே மாட்டேன் என்கிறது. ஏன் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். மதியம் அவள் தம்பி வந்தான். அக்காவின் தட்டை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தான்.

"கால் பங்குதான் மச்சான், ஒத்துக்கறேன். ஆனா எத்தனை மாடி?"

பார்த்தேன். கோட்டுக்குள் சோற்றை அமுக்கி அமுக்கிக் கோபுரம் கட்டியிருக்கிறேன். நீளம் பார்த்தேன், அகலம் பார்த்தேன், மேலே எழும்பிய கனத்தைப் பார்க்கவில்லை. கனம் எழுதாமல் மரக்கடைக்குப் போனால் என்னை உள்ளேயே விடமாட்டார்கள். முப்பது வருடத் தச்சன்! அவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

மார்ச் 24, திங்கள்

இனி அந்தச் சோற்றுக் கால் பங்கே கிடையாது. காய், மீன், முட்டை மட்டும். முடிவு செய்துவிட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

"பசிக்குதுங்க" என்றாள். மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொள் என்றேன். காலை அளவு இறங்கியிருக்கிறது. பார்த்தாயா, என் வைத்தியம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்.

பத்தரைக்கு போன் வந்தது. பாலத்துக்கு முந்தின நிறுத்தத்தில் அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. உடம்பெல்லாம் வேர்வை. அந்த நிலையிலும் பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, பிரேக் போட்டு, விளக்குகளை மினுக்க விட்டு, "எல்லாரும் அப்படியே இருங்க, வேற பஸ் வரும்" என்று சொல்லிவிட்டுத்தான் படியில் உட்கார்ந்திருக்கிறாள். யாரோ ஒரு அம்மா பழச்சாறு கொடுத்திருக்கிறார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால்? பாலத்தின் மேல் வந்திருந்தால்?

டாக்டரம்மா என்னைத்தான் பார்த்துப் பேசினார். "மாத்திரையும் குடுத்து, மாவுச்சத்தே இல்லாம வேலைக்கு அனுப்பினா சர்க்கரை எங்கே போய் நிக்கும்? நான் அதை எடுக்கச் சொல்லலையே. தேர்ந்தெடுக்கச் சொன்னேன்."

திரும்பி வரும்போது டாக்சியில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னாள்: "ஓட்டறது நான். என்னைக் கேக்காம நீங்க பிரேக் போட்டா எப்படிங்க?"



ஏப்ரல் 3, வியாழன்

அவளுக்கு இன்றும் லீவு. மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். முதல் தடவையாக நான் வாயைத் திறக்கவில்லை, வேலைக்குக் கொண்டுபோகும் டப்பா எப்படி இருக்க வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். பதினைந்து நிமிடத்தில் சாப்பிட்டு முடிக்க வேண்டும். ஆறினாலும் நன்றாக இருக்க வேண்டும். கையில் பிசுபிசுக்கக் கூடாது. அடுத்த ஓய்வு வரை தாங்க வேண்டும். பெரிய வேலைக்குக்கூட இவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு ஆர்டர் கொடுத்ததில்லை.

தட்டுக் கோட்டை அழித்துவிட்டேன். இனி சோறோ கிழங்கோ, அவள் மூடிய கைதான் அளவு. நீளம், அகலம், கனம் எல்லாம் அதிலேயே இருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

பார்லி. இரண்டு டம்ளர் போட்டேன். அது ஊறுகிறது, வீங்குகிறது, மூடியைத் தள்ளுகிறது. பெரிய பாத்திரத்துக்கு மாற்றினேன், அங்கேயும் இடம் போதவில்லை. மச்சானை வரச் சொல்லி ஒரு டப்பா கொடுத்தனுப்பினேன். சிரித்தவன் சாப்பிடட்டும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மூன்றாவது நாளாகப் பார்லி.

ஏப்ரல் 11, வெள்ளி

தீட்டாத அரிசி. ஊற வைக்காமல் போட்டுவிட்டேன். "மெல்லறதுக்குள்ள ஒரு டிரிப் போயிட்டு வந்துடலாம்" என்கிறாள். அடுத்த தடவை முந்தின ராத்திரியே ஊற வைக்க வேண்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கை படிந்துவிட்டது. மீன் இருக்கும் நாளில் தோலோடு வேக வைத்த உருளைக்கிழங்கு, மேலே மிளகும் எலுமிச்சையும். முட்டைக்குச் சர்க்கரைவள்ளி. பெயரில் சர்க்கரை இருக்கிறதே என்று பயந்துபோய் டாக்டரம்மாவைக் கேட்டேன், கையளவு தாராளமாகக் கொடுங்கள் என்றார். காய்கறி சூப்புக்குப் பார்லி, ஒரே பிடி. பருப்புக்கு ஊற வைத்த தீட்டாத அரிசி. அவசர நாளுக்கு அவித்த மக்காச்சோளம். எதையும் பொரிப்பதில்லை.

பார்க்கப்போனால் இதில் சமையல் என்று ஒன்றுமே இல்லை. தண்ணீரும் நெருப்பும்தான் வேலை செய்கின்றன. ஆனாலும் டப்பாவை மூடும்போது தேக்குக் கட்டிலை இழைத்து முடித்த மாதிரி ஒரு மிதப்பு எனக்கு. இருக்கட்டுமே.

மே 15, வியாழன்

கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு ஜன்னலுக்கு அளவெடுக்கப் போனேன். வேலை முடிந்து பார்த்தால் இவள் பஸ் நிற்கிறது. ஓய்வறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே யாருக்கோ பிறந்தநாள். மேஜை நிறைய கேக்கும் பொரித்த உருளைக்கிழங்கும். என்னை அவள் பார்க்கவில்லை.

கண்டக்டர் ஒருவர் தட்டை நீட்டினார். "ஒருநாள்தானேக்கா, ஒண்ணும் ஆகாது."

"எனக்கு என் டப்பா இருக்கு" என்று திறந்தாள். அவர் எட்டிப் பார்த்தார். "வெறும் சோளமா?"

"வெறும் சோளமா? எங்க வீட்டுக்காரர் குடுத்தனுப்பினது. சீட் என்னது, தட்டு அவரோடது. ரெண்டு பேரும் சேந்துதான் இந்த பஸ்ஸ ஓட்டறோம்."

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. எதற்கென்று தெரியாமல் இரண்டு நிறுத்தம் நடந்தே வந்தேன். அளவு எழுதிய காகிதத்தை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டேன். நாளைக்கு மறுபடி போக வேண்டும்.

ஜூன் 3, செவ்வாய்

ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். முடிவு வெள்ளிக்கிழமை. இன்று ஒரு பலகையைத் தப்பாக அறுத்தேன்.

ஜூன் 6, வெள்ளி

ஏழு புள்ளி இரண்டு!

"பேருந்து ஓட்டத் தகுதி உண்டு" என்று முத்திரை குத்திய காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல ஷூவைக் கழற்றினாள். நான் அதை நாலு தடவை படித்தேன். மச்சானுக்கு போன் போட்டேன். டாக்டரம்மாவுக்குப் போட்டேன். அந்த ஜன்னல் வீட்டுக்காரருக்கும் போட்டுச் சொன்னேன், பாவம், அவர் ஜன்னல் எப்போது வரும் என்று கேட்டார்.

பரிமாற எழுந்தேன். "நீங்க உக்காருங்க" என்றாள். தன் தட்டில் காய், மீன், கையளவு கிழங்கு. பிறகு என் தட்டை எடுத்தாள். மூன்று மாதமாக அவளுக்கு அளந்து போட்ட நான் எனக்கு அளந்ததே இல்லை. மிஞ்சியதெல்லாம் என் தட்டுக்குத்தான். அவள் என் கையைப் பிடித்து, விரல்களை மடக்கி, முட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பெரிய கைதான், தப்பிச்சீங்க" என்று அந்த அளவுக்குக் கிழங்கை வைத்தாள். "மாடிப்படி ஏறினா உங்களுக்கு மூச்சு வாங்குது. நான் பாக்கலேன்னு நெனச்சீங்களா? திங்கட்கிழமை டாக்டர்கிட்ட போறோம்."

"இன்னும் ஒரு துண்டு..."

"நான் சொன்னா டெப்போவுல யாரும் எதுத்துப் பேசறதில்ல."

சாப்பிட்டேன். அந்த அளவிலேயே பசி நன்றாக அடங்கியது. அதைச் சொன்னால் தலைகால் புரியாமல் ஆடுவாள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆடட்டும் என்று சாயங்காலம் சொல்லிவிட்டேன்.