அக்னி மூலையில் நெட் பெட்டி

ஐப்பசி, புதன்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. பாப்பாவின் சட்டைகள் கூடம் முழுக்கக் கொடியில். கீழே நடந்தால் நெற்றியில் ஈரம் படுகிறது. நன்றாகத்தான் இருக்கிறது.

இன்று நெட் மாட்டுகிற ஆள் வருகிறார். மருமகள் மலருக்குப் பிள்ளைப்பேறு லீவு முடிகிறது. திங்கட்கிழமை வேலை தொடக்கம். லேப்டாப்பை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே பார்க்கலாமாம், நெட் ஒழுங்காக வந்தால். வராவிட்டால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு குரோம்பேட்டை, அவள் அம்மா வீட்டுக்கு. அங்கே நெட் பறக்கிறதாம்.

அந்தச் சம்பந்தியை மறக்கவில்லை. வீடு பார்க்க வந்த அன்று மாம்பழக் கலர் புடவை. மடித்த பேப்பரால் விசிறிக்கொண்டே, "ராஜகீழ்ப்பாக்கம்னா காத்தோட்டமா இருக்கும்னாங்களே" என்றாள். என் கூடத்தில் உட்கார்ந்து, என் கேசரியைத் தின்றுகொண்டு.

சாயங்காலம் ஆள் வந்தார். பெரிய மீசை, நனைந்த சட்டை. ஜன்னல் வழியாக ஒரு மெல்லிய ஒயர். "மடிச்சிடாத பாட்டி, உள்ள கண்ணாடி. வெளிச்சம் வர்ற வழி அது." கண்ணாடியில் நூலா! எங்கிருந்து வருகிறது என்றேன். கடலுக்கு அடியிலிருந்தெல்லாம் வருகிறதாம். மீனெல்லாம் பார்த்திருக்கும்.

பெட்டியை எங்கே வைப்பது என்ற பேச்சு. கரண்டு சாமான் எல்லாம் தென்கிழக்கில்தான், அக்னி மூலை. அதாவது சமையலறை. எவர்சில்வர் பாத்திர அலமாரிக்குப் பின்னால் பிளக் இருக்கிறது.

"இன்னா பாட்டி, அங்க வெச்சா இட்லி குண்டானுக்குத்தான் நெட்டு கிடைக்கும்."

"மிக்சி அங்கதான் இருக்கு. கிரைண்டர் அங்கதான் இருக்கு. இது மட்டும் என்ன மகாராஜாவா?"

மகன் பாபு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். மறைமலை நகர் கார் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்த அலுப்பு. மீசைக்காரர் மிச்ச ஒயரை வளையமாகச் சுருட்டி மாட்டிவிட்டுப் போனார். பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன்.

வியாழன்

மழை இல்லை. விமானப்படை விமானம் ஒன்று தாழப் போயிற்று. பாப்பா பயப்படவில்லை.

மலர் லேப்டாப்பைத் திறந்தாள். அக்கம்பக்கத்து வீட்டு நெட்டின் பெயரெல்லாம் வரிசையாக வந்தது. எதிர்வீட்டு சரோஜாவுடையதும். என் பொங்கல் கோலத்தின் மேல் ஸ்கூட்டரை ஏற்றிய நாளிலிருந்து அவளோடு பேச்சில்லை. அவள் நெட் மட்டும் சுவர் தாண்டி வந்து என் கூடத்தில் நிற்கிறது, கேட்காமல். கையை வீசிப் பார்த்தேன். எதுவும் படவில்லை.

நம்முடையது மலரின் அறைக்குள் போகவில்லை. ஆபீஸ் பெண்ணோடு பேசிப் பார்த்தாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அத்தை, என் மூஞ்சி அப்படியே நின்னுடுச்சாம். வாயத் திறந்த மேனிக்கு."

"சமையலறையில உட்கார்ந்து பேசேன்."

"குக்கர் விசிலுக்கு நடுவுல மீட்டிங்கா? பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தலாமா அத்தை?"

மூலை மாறக் கூடாது என்றேன். அவள் சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம். பரண்மேலிருந்து பெரிய பையை இறக்கினாள். பாப்பாவின் சட்டைகளை மடித்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள்.

வெள்ளி

பாப்பாவுக்கு எண்ணெய்க் குளியல். தலைக்குச் சாம்பிராணி. தூபக்காலைச் சமையலறையில் வைத்துவிட்டுத் துண்டு எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் புகை அலமாரிப் பக்கமே சுருண்டு நிற்கிறது, வழி தெரியாத கன்றுக்குட்டி மாதிரி. கூடத்துக்குக் கொண்டுவந்தேன். மெதுவாகப் பிரிந்தது. பூஜை அலமாரிக்குக் கொஞ்சம். வாசலுக்குக் கொஞ்சம். மலர் அறைக்குள் போய், அந்தப் பையின்மேல் படுத்துக்கொண்டது.

புகை வேறு, நெட் வேறு. தெரியும். ஆனாலும் பாப்பா தலை காயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கூடத்து நடுச்சுவரில் ஒரே ஒரு பிளக். அதில் எரிவது என் வீட்டுக்காரர் படத்துச் சிவப்பு பல்பு. இவர் போன நாளிலிருந்து யாரும் அணைத்ததில்லை.

பாபு பிறந்தபோது இவர் தாம்பரத்தில்தான் இருந்தார். ஆஸ்பத்திரியும் தாம்பரத்தில்தான். பிள்ளை பிறந்த நட்சத்திரம் அப்பனுக்கு ஆகாது என்று எவனோ சொல்லிவிட்டான். பெயர் வைக்கும்வரை எட்டிப் பார்க்கவில்லை. கட்டிலில் படுத்தபடி, வராந்தாவில் வந்த செருப்புச் சத்தம் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் காதில் இருக்கிறது. மன்னிக்கவில்லை.

அவர் நட்சத்திரம் பார்த்தார். நான் மூலை பார்க்கிறேன்.

பால் பொங்குகிறது. போக வேண்டும்.

சனி

வெயில். வேப்பமரம் சொட்டிக்கொண்டே மின்னுகிறது.

"பாபு, பெட்டியைக் கழற்று."

"எங்கம்மா வைக்கிறது?"

"அப்பா பல்பைப் பிடுங்கிட்டு அங்க மாட்டு."

என்னைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். "எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிட்டு வரேம்மா. ரெண்டும் எரியட்டும்."

"அவசரமில்ல. அவர் கொஞ்ச நாள் இருட்டுல இருக்கட்டும்."

மலர் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒயர் எட்டியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக. மலர் லேப்டாப்பை ஆரத்தித் தட்டு மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அறைக்குள் போனாள்.

"வருது அத்தை! கட்டில் மேலயும் வருது!"

ஞாயிறு

சம்பந்தி லேப்டாப்பில் வந்தாள். முகம் தெளிவாக, மூக்குத்திக் கல் வரை.

"எப்பம்மா வரே? தூளி கட்டி வெச்சிருக்கேன்."

"இல்லம்மா, இங்கயே சரியாயிடுச்சு."

சம்பந்தி முகம் அப்படியே நின்றது. நெட் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

கட்டி வைத்த தூளியை நினைத்தால் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

திங்கள்

மேகமூட்டம். ரசம் மட்டும் வைத்தேன், விசில் வேண்டாமென்று.

மலர் அறைக்கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே இங்கிலீஷ். அவள் ஏதோ சொல்ல, எங்கோ யாரோ சிரிக்கிறார்கள். எந்த ஊரோ. அந்தச் சிரிப்பு கண்ணாடி நூலில் ஓடிவந்து, கூடத்தில் இறங்கி, என் மேலும் பாப்பா மேலும் பட்டுத்தான் அந்த அறைக்குப் போயிருக்க வேண்டும். பாப்பா தூக்கத்தில் சிரிக்கிறாள். நரி விரட்டுகிறது என்பார்கள்.

நடுவில் மலர் வெளியே வந்தாள். பாப்பாவுக்குப் பால் கொடுத்தாள். "இன்னொரு மீட்டிங் இருக்கு, பார்த்துக்கறீங்களா அத்தை?" என்று என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். சூடாக, பால் வாசனையோடு.

இதற்கு மேல் எழுத முடியாது. பேனா பிடித்த விரலைப் பிடித்துக்கொண்டாள். விடமாட்டேன் என்கி…