ஏழு நாளுக்குள் தொட்டி மாற்ற வேண்டும்

2018 ஆகஸ்ட் 4, சனி

எல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் ஜனவரியிலேயே சொன்னேன். யாரும் குறித்து வைத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் இந்த நோட்டு.

காலை எட்டு மணிக்குத் தேவாலயக் கூடத்தைத் திறந்தோம். பத்து மணிக்குள் நூற்று நாற்பது ஆர்க்கிட் செடிகளும் தீர்ந்துவிட்டன. கூட்டம் இரண்டாயிரம் பேர் இருக்கும். இருநூறு என்கிறார் சங்கத் தலைவி ரேட்டா அம்மா. அவர் கண்ணாடி மாற்ற வேண்டும்.

முன்பெல்லாம் எங்கள் ஸானீன் ஊர் ஆர்க்கிட் சங்கத்தின் விற்பனை வருஷத்துக்கு இரண்டே தடவை. உறுப்பினர்கள் தங்கள் வீட்டில் தொட்டி கொள்ளாமல் வளர்ந்ததைப் பிரித்துக்கொண்டு வருவார்கள், அவ்வளவுதான். இப்போது மாதாமாதம் பிரிட்டோரியாவிலிருந்து லாரியில் செடி இறங்குகிறது. லாரி யோசனை ரேட்டா அம்மாவுடையது. விற்கிற வாய் என்னுடையது. மர அறுவை மில்லில் முப்பது வருஷம் லாரி ஓட்டிய இந்தக் கசமுலாவுக்கு இப்படி ஒரு வாய் இருக்கும் என்று மில்காரனுக்கே தெரியாது.

இன்று ஒரு செடியைச் சிறுத்தை மோந்து பார்த்ததாகச் சொல்லி விற்றேன். அந்த அம்மாள் இரண்டாவதும் கேட்டாள். அதையும் மோந்திருந்தது.

ஆகஸ்ட் 6, திங்கள்

நியெலெட்டியின் நர்சரிக்குப் போனேன். செத்துப்போன என் தங்கையின் மகள். இந்த வட்டாரத்தில் ஆர்க்கிட் வளர்த்து விற்கிற ஒரே கடை அவளுடையது. நிழல்வலைக்குக் கீழே தனியாக நின்று தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மாமா. சனிக்கிழமை என் கடைக்கு எத்தனை பேர் வந்தாங்க தெரியுமா?"

"ஒரு ஐம்பது?"

"ரெண்டு பேர். ஒருத்தர் உங்க கூடத்துக்கு வழி கேட்டார்."

"இன்னொருத்தர்?"

"அவரோட சம்சாரம்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நீங்க விக்கிற விலைக்கு என்னால தண்ணிகூட ஊத்த முடியாது மாமா. உங்களுக்குக் கூடம் சும்மா கிடைக்குது. கூலி கிடையாது, ஏன்னா ஆளே நீங்கதான். நான் குப்பியில வர்ற குஞ்சுச் செடியை நாலு வருஷம் வளத்தாத்தான் ஒரு பூவைக் காட்ட முடியும்."

பிறகு ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினாள். பொலோக்வானே நகரத்தில் பெரிய சூப்பர்மார்க்கெட், பூப் பிரிவில் வேலை. செப்டம்பர் 22-க்குள் பதில் சொல்ல வேண்டும்.

"போகப்போறியா?"

"செப்டம்பர்ல வசந்தம் பிறக்குதில்ல, பதினஞ்சாம் தேதி என் வசந்த விற்பனை. அந்த ஒரு நாள்லதான் என் வருஷமே ஓடுது. அது எப்படிப் போகுதுன்னு பாத்துட்டுப் பதில் எழுதுவேன்."

நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். நல்ல ஆறுதல்தான். என்னவென்று இப்போது ஞாபகம் இல்லை.

ஆகஸ்ட் 7

என் மனைவி சாசவோனா கேட்டாள்: "மருமக கடையை மூடிட்டா செடி வித்த பெருமையை எந்த அலமாரியில வைப்பீங்க?" களியில் உப்பு இல்லை. அதைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை.

ஆகஸ்ட் 18, சனி

சங்கக் கமிட்டி. பெரிய விற்பனையைச் செப்டம்பர் 15-இல் வைக்கலாம் என்றார் ரேட்டா அம்மா. நியெலெட்டியின் அதே சனிக்கிழமை. லாரிக்காரருக்கு அன்றுதான் தோதுப்படுகிறதாம்.

நான் எழுந்தேன். "ஒரு பெண்ணின் வாழ்க்கையை மிதித்துத்தான் நம் பூ பூக்க வேண்டுமா?" என்று கேட்டேன். கூடமே அதிர்ந்தது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இருந்தாலும் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

ஆகஸ்ட் 19

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். எழுந்தது உண்மை. ஜன்னலைச் சாத்த.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது கை தூக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லார் கையும் மேலே இருந்தது. என் கை மட்டும் கீழே இருந்தால் நன்றாக இருக்குமா? பால் பணியாரத் தட்டும் அந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தது.

தங்கை இருந்திருந்தால் என்ன செய்வாள்? பார்ப்பாள்.

செப்டம்பர் 1, சனி

நியெலெட்டிக்கு மூட்டை கட்டப் போனேன். மெக்கடேமியா கொட்டை உடைக்கிற ஆலையிலிருந்து ஓடு ஒரு லோடு வந்து கிடக்கிறது. அதைக் கழுவி, ஊறவைத்து, கரித்துண்டு கலந்து தொட்டிக் கலவையாகக் கட்டி வைக்கிறாள். மொத்தம் அறுபத்திரண்டு மூட்டை. நான் நாற்பது தூக்கினேன். (பன்னிரண்டு.)

தேதி ஒன்றாகிவிட்டதை அவளிடம் சொன்னேன். தெரியும் என்றாள்.

"உங்க லாரிச் செடியெல்லாம் ஈரப் பாசியில அடைச்சு வருது மாமா. பிரிட்டோரியாவுல வறண்ட காத்து, அங்க தாங்கும். நம்ம ஊர் மழைக்கு வேர் அழுகிடும். கிறிஸ்துமஸுக்குள்ள பாதி போயிடும்."

"ஐயோ. அப்ப என்ன பண்ணணும்?"

"இந்த ஓட்டுக் கலவையில மாத்தினாப் போதும். மழைக்கு முன்னாடி எப்ப வேணா மாத்தலாம்."

"இதை ஜனங்ககிட்ட சொல்லலாமே?"

"சொல்லலாம். யார்கிட்ட? வழி கேட்டு வர்றவங்ககிட்டயா?"

செப்டம்பர் 14

நாளை என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இங்கே எழுதமாட்டேன்.

(தெரியாது.)

செப்டம்பர் 15, சனி

முந்நூறு செடி. கதவைத் திறந்ததும் ஆற்று வெள்ளம் மாதிரி உள்ளே வந்தார்கள். நான் மேஜைக்குப் பின்னால் நின்றேன். வாய் வரவில்லை. ஒரு சிறுத்தைகூட வரவில்லை. நியெலெட்டி இந்நேரம் கதவுக்கு ரிப்பன் கட்டிவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்ற நினைப்பு மட்டும் வந்தது.

தபால் ஆபீஸ் மப்பூலா ஒரு வெள்ளைப் பூச்செடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது எத்தனை நாள் தாங்கும் மாமா? போன மாசம் நீங்க வித்தது அழுக ஆரம்பிச்சிடுச்சு. சிறுத்தை மோந்ததாலயா?"

பக்கத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் வாய் திரும்பி வந்தது.

"ஏம்மா, தொட்டி மாத்தினியா? இல்லையா? அப்புறம் செடியைக் குத்தம் சொன்னா? வாங்கின நாள்லேருந்து ஏழு நாளுக்குள்ள இந்தப் பாசியை எடுத்துட்டு மெக்கடேமியா ஓட்டுக் கலவையில வைக்கணும். எட்டாம் நாள் வெச்சா வெச்ச கைதான் வலிக்கும்."

"யார் சொன்னா?"

"டாக்டர் ஃபூரி. ஆராய்ச்சிப் பண்ணையில முப்பது வருஷம் வேரை மட்டுமே பாத்துக்கிட்டு இருந்தவர். கல்யாணம்கூடப் பண்ணிக்கலை."

"பாவம். அந்த ஓடு எங்க கிடைக்கும்?"

"ஊருக்கே ஒரே இடம்தான்" என்று வழி சொன்னேன். இந்த முறை சரியான திசையில் வழி சொன்னவன் நான்.

அதற்குப் பிறகு முந்நூறு செடிக்கும் இதையே சொன்னேன். சொல்லச் சொல்ல டாக்டர் ஃபூரிக்கு வயது கூடிக்கொண்டே போனது. மத்தியானம் தொண்ணூற்றொன்றில் நிறுத்திக்கொண்டேன்.

சாயங்காலம் நர்சரிப் பக்கம் போனேன். இரண்டு பக்கமும் கார். நியெலெட்டிக்கு நிமிரக்கூட நேரமில்லை. ஓடு வாங்க வந்தவர்கள் தொட்டி வாங்குகிறார்கள், தொட்டி வாங்கியவர்கள் பூவைப் பார்த்துவிட்டு நிற்கிறார்கள். இருபது மூட்டைதான் மிச்சம்.

செப்டம்பர் 22, சனி

நியெலெட்டி காலையிலேயே வந்துவிட்டாள். சாசவோனா தேநீர் கொடுத்தாள்.

"மாமா, விடியறதுக்குள்ள ஒருத்தர் வந்து கேட்டைத் தட்டறார். 'இன்னைக்கு ஏழாம் நாள்மா, கடையைத் திற'ன்னு கெஞ்சறார். அது என்ன ஏழாம் நாள்?"

"அறிவியல்."

"நான் இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். எனக்குத் தெரியாத அறிவியலா?"

"நீ வேலையில மூழ்கிட்டே. படிக்க நேரம் ஏது?"

சாசவோனா என்னைப் பார்த்தாள். நான் ரொட்டியைப் பார்த்தேன்.

ஓட்டு மூட்டை ஒன்றுகூட மிச்சமில்லையாம். பொலோக்வானேக்கு வரவில்லை என்று நேற்று எழுதிப் போட்டுவிட்டாளாம். இதைச் சொல்லும்போது தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். என் தங்கையும் சந்தோஷத்தை இப்படித்தான் கோப்பைக்குள் சொல்வாள்.

அக்டோபர் 20, சனி

கமிட்டி. செடியோடு கொடுக்கிற பராமரிப்புத் தாளில் அச்சடித்துவிட்டார்கள்: "ஏழு நாளுக்குள் தொட்டி மாற்ற வேண்டும் - டாக்டர் ஃபூரி." அச்சில் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

ரேட்டா அம்மா நொந்துபோயிருந்தார். "தினமும் போன், கசமுலா! இது ஆறாம் நாளா ஏழாம் நாளா, ஞாயித்துக்கிழமை கணக்குல சேருமான்னு! நான் பூ வளக்கச் சங்கத்துக்கு வந்தேனா, நாள் பாக்க வந்தேனா? லாரி வேண்டாம். பழையபடி நம்ம வீட்டுச் செடி, வருஷத்துக்கு ரெண்டு தடவை, போதும். உங்க மருமகளையும் ஒரு மேஜை போடச் சொல்லுங்க. கேக்கறவங்களுக்கு அவளே பதில் சொல்லட்டும்."

கை தூக்கச் சொன்னார்கள். முதல் கை என்னுடையது. இது உண்மை.

அடுத்த கூட்டத்தில் பேச டாக்டர் ஃபூரியை அழைக்க வேண்டுமாம். நமீபியாவுக்குப் போய்விட்டார் என்றேன். எப்போது திரும்புவார்? அங்கே வேர் நிறைய, நாளாகும் என்றேன்.

டிசம்பர் 8, சனி

மழை பிடித்து நிற்கிறது. மப்பூலாவின் செடியில் புதுத் தளிர் வந்திருக்கிறது. தபால் ஆபீஸ் கவுண்டரில் வைத்து எல்லாருக்கும் காட்டுகிறாள். செடியைப் பறிகொடுத்த ஒருவர் கடைத்தெருவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பு என் மேலதான். எட்டாம் நாள்தான் மாத்தினேன்" என்றார். மனதில் என்னவோ போல் இருந்தது. நியெலெட்டியிடம் சொல்லி அவருக்கு வேறொரு செடி கொடுக்கச் செய்தேன். டாக்டர் அனுப்பியதாகச் சொன்னேன்.

வேறு யாரும் இந்த நோட்டைப் படிக்கப்போவதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். டாக்டர் ஃபூரி என்று யாரும் இல்லை. அது பெரிய விஷயமில்லை. பாசியில் வேர் அழுகும், ஓட்டில் பிழைக்கும் என்பது உண்மை, நியெலெட்டி சொன்னது. ஏழு நாள் மட்டும் நான் போட்டது. மழைக்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று சொல்லியிருந்தால் எப்போது வேண்டுமானாலும்தான் போவார்கள். பதினைந்தோடு ஏழைக் கூட்டினால் இருபத்திரண்டு, அவள் பொலோக்வானேக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள். கெடு செடிக்கு இல்லை, அவளுக்கு.

என் வீட்டுச் செடியை நான் ஆறாம் நாளே மாற்றிவிட்டேன். எதற்கு வம்பு.